மின்சார கார் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? நீங்களே அளந்து கணக்கு வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முழு சார்ஜில் முன்பெல்லாம் 300 கிலோமீட்டர் காட்டும், இப்போது 270-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் பேட்டரி பத்து சதவீதம் போய்விட்டதா? மின்சார கார் வைத்திருக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கவலை வந்துவிடுகிறது. அந்த 270-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான கார்கள் காட்டும் ரேஞ்ச், நீங்கள் சமீபத்தில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணிப்பு. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு வந்தால் குறையும், ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் கூடும், குளிர் வந்தால் மறுபடி குறையும். இத்தனைக்கும் பேட்டரியின் கொள்ளளவு மாறாமலேகூட இருக்கலாம்.

தேய்மானத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே முறையில், ஒரே மாதிரி நிலைமையில், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அளந்து எழுதி வைக்கும் பொறுமை இருந்தால் போதும். ஒற்றை அளவை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே விதமாக எடுத்த பல அளவுகள் வரிசையாகச் சேர்ந்தால்தான் உண்மை தெரியும்.

எதை அளக்கிறோம்

திரையில் தெரியும் சார்ஜ் சதவீதம் வேறு, பேட்டரியின் கொள்ளளவு வேறு. குடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்வது சார்ஜ் சதவீதம். குடமே எவ்வளவு பெரியது என்பது கொள்ளளவு. பேட்டரி தேய்வது குடம் சிறுத்துக்கொண்டே போவது மாதிரி. சிறுத்த பிறகும் விளிம்பு வரை நிரப்பினால் 100% என்றுதான் காட்டும்.

கொள்ளளவை கிலோவாட் மணியில் சொல்வார்கள். மின் கட்டணக் கணக்கில் வரும் அதே ‘யூனிட்’தான், ஆகவே இங்கேயும் யூனிட் என்றே எழுதுகிறேன். புதிதாக இருந்தபோது 45 யூனிட் கொடுத்த பேட்டரி இப்போது 42.75 கொடுத்தால், அதன் ஆரோக்கியம் 95%. இதைத்தான் எஸ்ஓஹெச் என்கிறார்கள்.

ஏன் குறைகிறது

லித்தியம் அயான் செல்லின் கிராஃபைட் மின்வாய் மீது மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. செல் வேலை செய்யவே அது தேவை. ஆனால் அது வளர வளர, ஓடியாட வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. ஆரம்பத்தில் வேகமாக வளரும். தடித்த பிறகு வளர்ச்சி மெதுவாகும். அதனால்தான் முதல் ஓரிரு வருடத்தில் கொள்ளளவு சட்டென்று சில சதவீதம் இறங்கி, அப்புறம் பல வருடங்கள் மெல்ல மெல்லச் சரிகிறது. முதல் வருட இறக்கத்தைப் பார்த்து, “வருடத்துக்கு நாலு சதவீதம் என்றால் பத்து வருடத்தில் நாற்பது போய்விடுமே” என்று கணக்குப் போடுவது தவறு.

இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துபவை முக்கியமாக இரண்டு: வெப்பம், நிறைய சார்ஜோடு நெடுநேரம் நிறுத்தி வைப்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். காரை ஓட்டாமல் சும்மா நிறுத்தியிருந்தாலும் தேய்மானம் நடக்கும். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அந்தப் பாலைவன வெயிலில் ஓடிய லீஃப் கார்கள் கொள்ளளவைக் காட்டும் திரைக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தன. அந்தக் காரில் மொத்தம் 12 கட்டங்கள். முதல் கட்டம் அணைவதற்குள் ஏறக்குறைய 15% கொள்ளளவு போயிருக்கும். கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதுவரை ஒன்றுமே தெரிந்திருக்காது. கார் தானாகச் சொல்லட்டும் என்று காத்திராமல் நாமே அளக்க வேண்டியது இதனால்தான்.

படி 1: தொடக்க அளவைப் பிடியுங்கள்

எதோடு ஒப்பிடப்போகிறோம் என்று தெரியாமல் அளப்பதில் பயனில்லை. விளம்பரத்தில் போட்டிருக்கும் எண் சில சமயம் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவாக இருக்கும். ஓட்டுநருக்குக் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மேலும் கீழும் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காகத் தயாரிப்பாளர் ஒதுக்கி வைத்திருப்பார். மொத்தம் 50, பயன்படுத்தக்கூடியது 47 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அளந்து 46 வந்தால், 50-உடன் ஒப்பிட்டு எட்டு சதவீதம் போச்சு என்று பதறத் தேவையில்லை. 47-உடன் ஒப்பிட்டால் இழப்பு இரண்டு சதவீதம்தான்.

கார் புதிது என்றால் முதல் சில மாதங்களுக்குள் நீங்களே அளந்துவிடுங்கள். அதைவிட நல்ல தொடக்க அளவு கிடையாது. ஒவ்வொரு காரின் கணக்குக் காட்டும் விதமும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். அதே காரில் எடுத்த பழைய அளவோடு ஒப்பிடும்போது அந்த வேறுபாடுகள் தாமாகவே கழிந்துவிடும். கார் ஏற்கெனவே பழையதாகிவிட்டதா? இன்றைய அளவையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கடந்த கால இழப்பு துல்லியமாகத் தெரியாது, ஆனால் இனிமேல் எந்த வேகத்தில் குறைகிறது என்பது தெரிந்துவிடும். முடிவெடுக்க அதுதான் அதிகம் உதவும்.

படி 2: பேட்டரியின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மின்சார கார்களில் பரவலாக இருப்பவை இரண்டு வகை லித்தியம் அயான் செல்கள்: இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கொண்ட என்எம்சி. உங்கள் காரில் இருப்பது எது? கையேட்டில் இருக்கும், இல்லையென்றால் விற்பனையாளரிடம் கேளுங்கள். அளக்கும் முறையே இதைப் பொறுத்து மாறுகிறது.

என்எம்சி செல்லின் மின்னழுத்தம் சார்ஜ் குறையக் குறைய ஓரளவு சீராக இறங்கும். காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பு, அதாவது பிஎம்எஸ், கார் ஓய்வாக நிற்கும்போது மின்னழுத்தத்தைப் பார்த்து சார்ஜ் எவ்வளவு என்று சரிபார்த்துக்கொள்ளும். எல்எஃப்பி அப்படியில்லை. நடுப்பகுதி முழுவதும் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய சமதளமாகவே இருக்கும்; 40%-க்கும் 60%-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதனால் உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்த மின்சாரத்தையும் எண்ணித்தான் சதவீதம் காட்ட முடிகிறது. எண்ணிக்கையில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். எல்எஃப்பி கார்களை அவ்வப்போது 100% வரை ஏற்றச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்: அந்த உச்சியில்தான் கணக்கு நேராகிறது. எல்எஃப்பியில் வாரக்கணக்கில் முழுதாக ஏற்றாமல் இருந்துவிட்டு அளந்தால், பேட்டரியை அல்ல, பிஎம்எஸ்ஸின் பிழையைத்தான் அளந்திருப்பீர்கள்.

படி 3: ஓட்டி அளப்பது

என்னைக் கேட்டால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காரின் திரையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

மிதமான வெப்பநிலை உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. குளிர்ந்த பேட்டரியிலிருந்து எடுக்க முடிகிற ஆற்றல் குறைவு, அது தேய்மானமல்ல. முந்தைய இரவு என்எம்சி என்றால் 90%-க்கு மேல், எல்எஃப்பி என்றால் கட்டாயம் 100% வரை ஏற்றுங்கள். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கார் சும்மா நிற்கட்டும். அப்புறம் சார்ஜ் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, பயண மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கிளம்புங்கள்.

20% அளவுக்கு இறங்கும் வரை வழக்கம்போல ஓட்டலாம். எல்எஃப்பியில் இன்னும் கொஞ்சம் கீழே, 10% வரை போனால் நல்லது. அங்கேதான் மின்னழுத்தம் மறுபடி இறங்கத் தொடங்கும், பிஎம்எஸ்ஸுக்குத் தன் கணக்கைச் சரிபார்க்க வாய்ப்புக் கிடைக்கும். அருகில் சார்ஜர் இருக்கும் இடத்தில் பயணம் முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தி ஏசி போட்டு உட்கார வேண்டாம். நின்றிருக்கும்போது செலவாகும் மின்சாரத்தைச் சில கார்கள் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்ததாக வருவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய உடனே பார்த்த சதவீதத்தை இறுதி அளவாக எடுக்காதீர்கள். ஓடும்போது பிஎம்எஸ் தன் மனதில் வைத்திருக்கும் கொள்ளளவைக் கொண்டுதான் சதவீதத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்தால் பிஎம்எஸ்ஸின் பழைய மதிப்பீடே உங்களிடம் திரும்பி வரும். காரை அணைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஓய்வு மின்னழுத்தத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டால், சதவீதம் ஒன்றிரண்டு மாறியிருக்கும். அந்தத் திருந்திய எண்தான் நமக்கு வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். தொடக்கம் 92%, முடிவு 22%. ஓடியது 210 கிலோமீட்டர். சராசரிச் செலவு கிலோமீட்டருக்கு 142 வாட் மணி.

செலவான மின்சாரம்: 210 × 142 = 29,820 வாட் மணி, அதாவது 29.82 யூனிட்.
முழுக் கொள்ளளவு: 29.82 ÷ 0.70 = 42.6 யூனிட்.
புதிதில் 45 யூனிட் என்றால் ஆரோக்கியம்: 42.6 ÷ 45 = 94.7%.

இதோடு நிறுத்தாமல் பிழை எவ்வளவு இருக்கலாம் என்றும் பாருங்கள். திரை முழு எண்களைத்தான் காட்டுகிறது. 92 என்பது 91.5 ஆகவும் இருக்கலாம், 92.4 ஆகவும் இருக்கலாம், 22-க்கும் அப்படித்தான். ஆக நீங்கள் செலவழித்தது 69% முதல் 71%-க்குள் எங்கேயோ இருக்கிறது. 71% என்று போட்டால் கொள்ளளவு 42.0 யூனிட், ஆரோக்கியம் 93.3%. 69% என்றால் 43.2 யூனிட், 96%. ஒரே பயணத்துக்கு இத்தனை அகலம். இதே சோதனையை 10% மட்டும் செலவழித்துச் செய்திருந்தால் பிழை பத்து சதவீதம் வரை போயிருக்கும். எனவே 60%-க்குக் குறைவாகச் செலவழித்த பயணத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

படி 4: சார்ஜ் ஏற்றும்போது அளப்பது

சுவர்ப் பக்கத்தில் எத்தனை யூனிட் போனது என்பதை வீட்டு சார்ஜரின் செயலியோ தனி மீட்டரோ காட்டும். அதில் கொஞ்சம் வழியிலேயே வெப்பமாகப் போய்விடும். வீட்டு மின்சாரத்தில் (மாறுதிசை மின்னோட்டத்தில்) செய்யும் சாதாரண சார்ஜிங்கில் சுமார் 10% இழப்பு இயல்பு. குறைந்த மின்னோட்டத்தில் ஏற்றினால் இழப்பு கூடும், ஏனென்றால் ஏற்றி முடியும் வரை காரின் மின்னணுப் பாகங்கள் விழித்தே இருக்கின்றன. இந்த இழப்பு துல்லியமாகத் தெரியாமல் கொள்ளளவைச் சொல்ல முடியாதே என்று தோன்றும். சொல்லத் தேவையில்லை. விகிதத்தைப் பார்த்தால் போதும்.

கார் புதிதாக இருந்தபோது 20%-இலிருந்து 90% வரை ஏற்ற மீட்டரில் 36 யூனிட் ஓடியது, இப்போது அதே சார்ஜர், அதே மின்னோட்டம், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் 34.1 ஓடுகிறது என்றால், 34.1 ÷ 36 = 94.7%. இழப்பு இரு தடவையும் ஒரே அளவு என்பதால் கழிந்துவிடுகிறது. ஆனால் சார்ஜரையோ மின்னோட்டத்தையோ மாற்றினால் இந்த ஒப்பீடு செல்லாது, புதிய தொடக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். 100% வந்த பிறகும் செல்களைச் சமன்செய்யக் கொஞ்ச நேரம் மின்சாரம் போகும், சதவீதம் நகராது. ஆகவே என்எம்சியில் 90%-இல் நிறுத்துவது தெளிவு. எல்எஃப்பியில் 100% வரை போயே ஆக வேண்டும் என்பதால், ஒவ்வொரு தடவையும் சார்ஜிங் தானாக நிற்கும் வரை விட்டு அளக்க வேண்டும். அடுத்தது, ஏற்றும் நேரத்தில் உள்ளே ஏசியோ ஹீட்டரோ ஓடக் கூடாது. விரைவு சார்ஜர் காட்டும் யூனிட்டை இந்தக் கணக்குக்கு எடுக்க வேண்டாம். பேட்டரியைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஆகும் செலவு அதில் ஒவ்வொரு தடவையும் வேறு அளவில் கலந்திருக்கும்.

படி 5: காரின் உள்ளிருக்கும் எண்களைப் படிப்பது

பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும், அதாவது காரின் கணினியில் உள்ள தகவலைப் படிக்க உதவும் செருகுமுனை. அதில் ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, உங்கள் காரை ஆதரிக்கும் செயலி மூலம் பார்த்தால் எஸ்ஓஹெச், ஆம்பியர் மணியில் கொள்ளளவு, ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், பேட்டரி வெப்பநிலை எல்லாம் பல கார்களில் தெரியும். லீஃப் கார்களுக்கு லீஃப் ஸ்பை. மற்ற பலவற்றுக்கு கார் ஸ்கேனர். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிழைக் குறியீடுகளை அழிப்பது, அமைப்புகளை மாற்றுவது போன்றவற்றில் கை வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். செருகியே விட்டால் சில கார்களில் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும்.

அங்கே தெரியும் எஸ்ஓஹெச்சும் பிஎம்எஸ்ஸின் மதிப்பீடுதான். சில கார்களில் நெடுநாள் 100-இலேயே நிற்கும், சிலவற்றில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். எனக்கு இதில் அதிகம் பயன்படுவது செல் மின்னழுத்தங்கள்தான். கார் ஓய்வில் இருக்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். நல்ல நிலையில் உள்ள பேட்டரியில் அது சில மில்லிவோல்ட்டிலிருந்து இருபது முப்பது மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வரிசையாக இணைத்த செல்களில் மிகப் பலவீனமானது எப்போது காலியாகிறதோ அப்போது மொத்தப் பேட்டரியும் நின்றாக வேண்டும். எல்லா செல்லும் சேர்ந்து தேய்ந்தால் அது வயது. ஒரே செல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பின்தங்கினால், அந்த இடைவெளி கூடிக்கொண்டே போனால், அது பழுது. இந்த வித்தியாசத்தை மொத்தச் சதவீதம் காட்டிக்கொடுக்காது. சார்ஜ் 20%-க்குக் கீழே இருக்கும்போது இதைப் பார்த்தால் பலவீனமான செல் இன்னும் தெளிவாகத் தெரியும். எல்எஃப்பியில் நடுப்பகுதியில் பார்த்துப் பயனில்லை, அங்கே எல்லா செல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

படி 6: எழுதி வைப்பது

விரிதாளோ நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. தேதி, ஓடோமீட்டர், பேட்டரி அல்லது வெளி வெப்பநிலை, தொடக்கச் சதவீதம், முடிவுச் சதவீதம், யூனிட், கணக்கிட்ட கொள்ளளவு, செல் வித்தியாசம், குறிப்பு. கடைசியில் உள்ள ‘குறிப்பு’ முக்கியம். மென்பொருள் புதுப்பிப்பு வந்ததா, டயர் மாற்றினீர்களா, சார்ஜர் மாறியதா என்று எழுதுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு சில சமயம் பயன்படுத்தக்கூடிய எல்லையையே மாற்றிவிடும். ஒரே இரவில் கொள்ளளவு இரண்டு சதவீதம் கூடவோ குறையவோ செய்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். திரையைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் அளக்கத் தேவையில்லை. அளப்பதற்காகவே பேட்டரியைத் திரும்பத் திரும்ப உச்சிக்கும் அடிக்கும் கொண்டுபோவது நல்லதல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று அளவுகள் எடுக்க முடிந்தால் நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

படி 7: எண்களைப் படிப்பது

முந்தைய அளவோடு ஒப்பிட்டால் ஏறும், இறங்கும்; அதில் பொருள் தேடாதீர்கள். போன வருடம் இதே பருவத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். 96, 94, 95, 93.5 என்று தள்ளாடிக்கொண்டே மெதுவாக இறங்குவது இயல்பு.

எந்த அளவு வரை இறங்கலாம் என்பதற்குப் பொது அளவுகோல் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகள் அமைப்பு ஏற்ற உலகத் தொழில்நுட்ப விதி 22-இன்படி, 5 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் மிஞ்சியிருக்க வேண்டும். பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதமும் 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர், 70% என்பதைச் சுற்றியே இருக்கிறது. உங்கள் உத்தரவாதத் தாளில் உள்ள எண்தான் உங்களுக்குச் செல்லும். அதில் கொள்ளளவுக் குறைவு சேர்க்கப்பட்டிருக்கிறதா, பழுது மட்டும்தானா என்பதையும் படித்துப் பாருங்கள்.

சும்மா விடக்கூடாத அறிகுறிகள் இவை: 20% காட்டிய சார்ஜ் திடீரென்று ஒற்றை இலக்கத்துக்குக் குதிப்பது, ஏற்றும்போது 100-ஐத் தொடாமலே நின்றுபோவது, செல் வித்தியாசம் ஐம்பது மில்லிவோல்ட்டைத் தாண்டி மேலும் கூடுவது, ஒரே பருவத்துக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கி அடுத்தடுத்த அளவுகளிலும் அப்படியே நிற்பது. முதலில், பிஎம்எஸ் குழம்பியிருக்கிறதா என்று பார்க்க, காரை நன்றாக இறங்க விட்டு, முழுதாக ஏற்றி, இரண்டு முனையிலும் சில மணி நேரம் ஓய்வு கொடுங்கள். எண் மீண்டுவிட்டால் அது மதிப்பீட்டுப் பிழை. மீளவில்லையென்றால் சேவை மையத்துக்குப் போங்கள்.

உத்தரவாதத்தில் முடிவு செய்வது அவர்கள் எடுக்கும் அளவு, நம்முடையதல்ல. ஆனாலும் தேதிவாரியான பதிவும் புகைப்படங்களும் கையில் இருந்தால், “எல்லாம் நார்மல்தான்” என்று சொல்லித் திருப்பியனுப்புவது சுலபமல்ல. சோதனை செய்தால் அவர்கள் எடுத்த எஸ்ஓஹெச், செல் மின்னழுத்த அளவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதையும் உங்கள் பதிவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

விற்பவர் காட்டும் எஸ்ஓஹெச் திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். சில கார்களில் பிஎம்எஸ்ஸை மறுதொடக்கம் செய்தால் அந்த எண் தற்காலிகமாக உயர்ந்து நிற்கும். லீஃப் கார்களில் அணைந்த கட்டங்கள்கூடத் திரும்ப வரும், சில வாரங்கள் ஓடிய பிறகு மறுபடி மறையும். முழு சார்ஜோடு காரைச் சோதனை ஓட்டத்துக்குக் கேட்டு வாங்கி, முடிந்தவரை கீழே இறங்கும் வரை ஓட்டிப் படி 3-இல் உள்ள கணக்கைப் போடுங்கள். அவ்வளவு நேரம் தரமாட்டேன் என்றால், குறைந்த சார்ஜில் கார் நிற்கும்போது ஓபிடி மூலம் செல் வித்தியாசத்தையாவது பார்த்துவிடுங்கள். மறுதொடக்கம் மதிப்பீட்டைத்தான் மாற்றும், பலவீனமான செல்லின் மின்னழுத்தத்தை மாற்றாது.